லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் மெக்சிக்க உணவுச்சாலைகள்

புதிய ஊரொன்றிற்குச் செல்லும் பயணி முதலிற் காண்பது அவ்வூரின் கட்டடங்களை. முதலிற் சுவைப்பது அதன் உணவை. கண் கொண்ட எண்ணத்தைப் பின்னர் திருத்திக்கொள்ளுதல் எளிது. நாக்குக் கொண்ட எண்ணமோ இலகுவில் மாறுவதில்லை. ஒரேயொரு சாப்பாட்டுக்கடையில் ஒரு வேளை உண்டுவிட்டு, "இந்நாட்டார் சமையல் இத்தகையது" என்று தீர்ப்புக் கூறுவோர் எங்கும் உளர். தோசையை மாத்திரம் உண்டவன் தமிழர் சமையல் முழுவதையும் அறிந்துவிட்டதாகக் கூறுவது போன்றதே இதுவும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், மெக்சிக்க உணவைப் பற்றி இத்தகைய தீர்ப்புக்கள் நூறாண்டுக்கு மேலாகக் கூறப்பட்டு வருகின்றன. அத்தீர்ப்புக்கள் எவ்வாறு பிறந்தன, அவற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

லொஸ் ஏஞ்சலிஸ் மிகப் பரந்த நகரம். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் தொகை 38 இலட்சத்துக்கு மேற்பட்டது. அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஸ்பானிய மொழி வழங்கும் இலத்தீன் அமெரிக்க மரபினர். அவருள்ளும் பெரும்பாலார் மெக்சிக்க வழியினர். மெக்சிக்கோவின் எல்லை அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரத்தில் உளது. ஆதலால் மெக்சிக்க உணவு விற்கும் இடங்கள் அந்நகரில் இல்லாத தெருவே இல்லையெனலாம். மரக்கதவும் ஓட்டுக்கூரையும் கொண்ட பழைய உணவுச்சாலைகள் ஒருபுறம். நெடுஞ்சாலையோரத்து விரைவுணவுக் கடைகள் ஒருபுறம். இரவில் விளக்கேற்றி நிற்கும் லொறிக் கடைகள் ஒருபுறம். நடைபாதையிற் குடைவிரித்து அடுப்பு மூட்டியிருக்கும் பெண்கள் ஒருபுறம். எல்லாவற்றின் பெயர்ப்பலகையிலும் "மெக்சிக்க உணவு" என்றே எழுதப்பட்டிருக்கும். உள்ளே சென்று பார்த்தாலோ, ஓரிடத்தில் கிடைக்கும் பண்டம் மற்றோரிடத்தில் கிடையாது. புதிதாக வருபவன் திகைப்பது இயல்பே.

அவன் முதலிற் புகுவது பெரும்பாலும் பழைய உணவுச்சாலையொன்றாகவே இருக்கும். அங்கு வண்ணக் காகிதத் தோரணங்கள் தொங்கும். எதையும் கேட்குமுன்னரே, பொரித்த சோளத் துண்டுகள் நிறைந்த கூடையொன்றும், தக்காளியும் மிளகாயும் சேர்த்தரைத்த சல்சா என்னும் துவையலும் மேசைக்கு வந்துவிடும். பின்னர் பெரிய பீங்கானில் உணவு வரும். தக்காளியிற் சமைத்த செந்நிறச் சோறு, அவித்து மசித்துக் கொழுப்பில் வதக்கிய அவரைவிதை, மிளகாய்க் குழம்பில் தோய்ந்த அப்பச்சுருள், அனைத்தின் மேலும் உருகி வழியும் மஞ்சட் பாற்கட்டி. பீங்கான் சுடும் என்று பரிமாறுபவர் எச்சரித்துச் செல்வார். உண்டு முடித்தவன், "மெக்சிக்க உணவு வயிற்றுக்குப் பாரமானது, பாற்கட்டி மிகுந்தது" என்று எண்ணிக்கொண்டு எழுவான்.

இந்த எண்ணம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் அது மெக்சிக்கோவின் ஒரு மூலையைப் பற்றிய உண்மை மாத்திரமே. 1910ஆம் ஆண்டில் மெக்சிக்கோவில் புரட்சி மூண்டது. அக்காலத்தில் வடக்கு நோக்கி வந்தவர்களுட் பலர் சொனோரா போன்ற வட மாநிலத்தவர். சொனோரா மாட்டுப் பண்ணைகளும் கோதுமை வயல்களும் நிறைந்த வறண்ட நாடு. ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமை அங்கு வேரூன்றியது. மாட்டிறைச்சியும் பாற்கட்டியும் அம்மக்களின் நாளாந்த உணவாயின. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இன்றும் புகழ்பெற்று விளங்கும் எல் சோலோ என்ற உணவுச்சாலையை 1923ஆம் ஆண்டில் அலெஹாந்திரோ, றோசா போர்க்கெஸ் என்னும் தம்பதியர் தொடங்கியபோது, அதற்கு "சொனோரா கபே" என்றே பெயரிட்டனர். இவ்வாறு வடமாநிலச் சமையலே நகரத்தாரின் கண்ணுக்கு மெக்சிக்கச் சமையலாயிற்று. தெற்கேயுள்ள மாநிலங்களின் சமையலை அவர்கள் அறிய இன்னும் அறுபது எழுபது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தன.

அந்நாளைய உணவுச்சாலைகளுட் சில தம்மை "ஸ்பானிய உணவுச்சாலை" என்றே விளம்பரப்படுத்திக் கொண்டன என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது. ஸ்பானியா ஐரோப்பிய நாடு. அதன் பெயருக்கு மதிப்பிருந்தது. மெக்சிக்கோ என்ற பெயரோ பலருக்கு இழிவாகத் தோன்றியது. உணவை விரும்பியுண்டவர்களே அதனைச் சமைத்தவரின் நாட்டுப் பெயரை விரும்பவில்லை.

நகரின் பழைய மையத்திலே ஒல்வேரா வீதி என்றொரு சிறு தெரு உண்டு. இடிந்து கிடந்த அத்தெரு 1930ஆம் ஆண்டில் மெக்சிக்கச் சந்தையாக அலங்கரித்துத் திறக்கப்பட்டது. 1934ஆம் ஆண்டு முதல் அங்கு சியெலித்தோ லிந்தோ என்னும் மிகச் சிறிய கடை ஒன்று நடைபெற்று வருகின்றது. இறைச்சியை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரித்த சோள அப்பத்தை, வெண்ணெய்ப்பழத்திற் செய்த பச்சைக் குழம்பில் மூழ்கவைத்துக் காகிதத் தட்டிலே தருவார்கள். உல்லாசப் பயணிகள் வரிசையில் நின்று வாங்கி உண்பர். பாட்டும் பூவேலைத் துணியும் மெழுகுதிரியும் நிறைந்த அந்த வீதியைக் கண்டவன், மெக்சிக்கர் வாழ்வு என்றும் திருவிழாவே என்று எண்ணக்கூடும்.

ஆயின் அவ்வீதி திறக்கப்பட்டு ஓராண்டு நிறையுமுன், 1931ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் தேதி, அதன் அயலிலுள்ள பொதுச் சதுக்கத்தைக் குடிவரவு அதிகாரிகளும் பொலிசாரும் வளைத்தனர். அங்கிருந்த ஏறத்தாழ 400 பேர் தடுத்து நிறுத்தப்பட்டு விசாரிக்கப்பட்டனர். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. வேலைகளை அயல்நாட்டவர் பறிக்கின்றனர் என்ற கூக்குரல் எழுந்தது. அவ்வாண்டுகளில் இலட்சக்கணக்கான மெக்சிக்க மரபினர் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். அவருட் பலர் அமெரிக்க மண்ணிற் பிறந்த அமெரிக்கக் குடிகள். ஒரே சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் மெக்சிக்க உணவுக்கு வரவேற்பு. மறுபக்கத்தில் மெக்சிக்கருக்கு வழியனுப்பு. அந்நகரின் உணவு வரலாற்றை அறிய விரும்புவோர் இதனை மறந்துவிடலாகாது.

இனி, உலகெங்கும் பரவிய மற்றொரு முதல் எண்ணத்தைப் பார்ப்போம். மெக்சிக்க உணவென்றவுடன், வளைந்த மொறுமொறுப்பான கூடொன்றினுள் அரைத்த மாட்டிறைச்சியும் நறுக்கிய சலாது இலையும் துருவிய பாற்கட்டியும் அடைத்த பண்டமே பலர் மனத்தில் தோன்றும். இதன் பெயர் டாக்கோ. லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 95 கிலோமீற்றர் தூரத்திலுள்ள சன் பேர்னாடினோ என்ற ஊரில், 1937ஆம் ஆண்டில் லூசியா றொட்ரிகெஸ் என்னும் அம்மையார் மித்லா கபே என்ற உணவுச்சாலையைத் தொடங்கினார். பொரித்த டாக்கோ அங்கு பேர்பெற்ற பண்டம். தெருவின் எதிர்ப்பக்கத்தில் இறைச்சிப் பாண் விற்றுவந்த கிளென் பெல் என்ற அமெரிக்க இளைஞர், அக்கடையில் மக்கள் நாள்தோறும் நிரம்பி வழிவதைக் கவனித்தார். அங்கு சென்று உண்டார்; செய்முறையையும் அறிந்துகொண்டார். 1962ஆம் ஆண்டில் டவுனி என்ற இடத்தில் அவர் திறந்த "டாக்கோ பெல்" என்ற கடை, பின்னர் பல நாடுகளிற் பல்லாயிரம் கிளைகள் கொண்ட பெரு நிறுவனமாக வளர்ந்தது.

மித்லா கபே இன்றும் அதே ஊரில் நடைபெறுகின்றது. அங்கு டாக்கோவைப் பொரிக்கும் முறையை நோக்கினால் வேற்றுமை புலப்படும். மெல்லிய சோள அப்பத்தில் இறைச்சியை வைத்து மடித்து, பிறகே எண்ணெயில் இடுவர். அப்பமும் இறைச்சியும் ஒன்றாகப் பொரியும். ஓரம் மொறுமொறுக்கும், நடு மென்மையாக இருக்கும். விரைவுணவுக் கடையிலோ கூடுகள் முன்கூட்டியே பொரித்து அடுக்கப்பட்டிருக்கும். கேட்டவுடன் நிரப்பிக் கொடுப்பர். இதனால் நேரம் மிச்சமாகிறது. ஆனால் அப்பத்துக்கும் இறைச்சிக்கும் உள்ள உறவு அற்றுப்போகிறது. உலகத்தார் பலர் கொண்ட முதல் எண்ணம், இந்த நேர மிச்சத்தினாற் பிறந்ததே.

மெக்சிக்கச் சமையலின் உயிர்நிலை யாதென்று கேட்டால், சோளன் என்றே விடை கூறவேண்டும். சோளமா அப்பத்தை அங்கு தோர்த்தியா என்பர். இதற்கு மாவைத் தயாரிக்கும் முறை வியக்கத்தக்கது. காய்ந்த சோள மணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஓரிரவு ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கி, ஈரமாகவே கல்லில் அரைப்பர். அக்கல்லும் அம்மியைப் போன்றதே. மூன்று காலுடன் சற்றுச் சாய்ந்திருக்கும். இவ்வாறு பக்குவஞ் செய்த சோளத்துக்கு நிஸ்தமால் என்று பெயர். இது அஸ்தெக்கர் பேசிய நாவாத்தல் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையுடைய வழக்கம் இது.

சுண்ணாம்பு எதற்கு? சுண்ணாம்பு சேர்வதால் மா பிசைவதற்கு இணங்குகின்றது, மணமும் பெறுகின்றது. அதைவிட முக்கியமான பயனொன்றும் உண்டு. சோளத்திலுள்ள நியசின் என்னும் உயிர்ச்சத்து உடலிற் சேராதவாறு கட்டுண்டு கிடப்பது. சுண்ணாம்பு அக்கட்டை அவிழ்த்துவிடுகின்றது. ஐரோப்பியர் மெக்சிக்கோவிலிருந்து சோளத்தைக் கொண்டு சென்றனர். சுண்ணாம்பில் வேகவைக்கும் அறிவைக் கொண்டு செல்லவில்லை. அதன் விளைவாக, சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த வட இத்தாலிய ஏழைகளிடையேயும், பிற்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநில ஏழைகளிடையேயும் பெலாக்கிரா என்னும் கொடிய நோய் பரவிற்று. தோல் வெடித்து, வயிறு கலங்கி, அறிவு மயங்கி மக்கள் இறந்தனர். பொருளை ஏற்றுக்கொண்டு, அதனை வளர்த்தவரின் அறிவைத் தள்ளிவிட்டமைக்கு மனிதர் கொடுத்த விலை அது.

ஆகையால் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நல்ல மெக்சிக்க உணவைத் தேடுவோர் முதலிற் கவனிப்பது தோர்த்தியாவையே. சுடச்சுட வந்த அப்பத்தை மூக்கருகே கொண்டுசென்றால், வேகவைத்த சோளத்தின் மணமும் மழை நனைத்த மண்ணை ஒத்த மெல்லிய வாசமும் வீசவேண்டும். கையில் மடித்தால் வெடிக்கலாகாது. வீட்டில் ரொட்டியைச் சுடும் தாய்மார்க்கு இச்சோதனையை விளக்க வேண்டியதில்லை.

மிளகாயைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். தமிழர் சமையலுக்கும் மெக்சிக்கோவுக்கும் உள்ள உறவு மிளகாயினால் வந்தது. மிளகாய்ச் செடியை முதலிற் பயிராக்கியவர்களுள் மெக்சிக்கோவின் ஆதிக்குடிகள் முக்கியமானவர். போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். அவர்தம் கடல் வணிகத்தின் வழியே 16ஆம் நூற்றாண்டில் மிளகாய் கீழை நாடுகளிற் பரவியது. அதற்கு முன் தமிழர் உறைப்புக்கு நம்பியிருந்தது மிளகையே. வந்த காய்க்குத் தமிழர் இட்ட பெயரிலும் அந்த மிளகே நிற்கின்றது. பப்பாசியும் மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்ததே. இன்று செத்தல் மிளகாயில்லாத யாழ்ப்பாணக் குசினியை எவராவது கற்பனை செய்ய முடியுமா?

ஆயினும் மிளகாயை ஆளும் முறையில் இரு நாட்டாரும் வேறுபடுகின்றனர். மெக்சிக்கர் மிளகாயை உறைப்புக்காக மட்டும் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு வகையையும் அதன் தனி மணத்துக்காகச் சேர்ப்பர். பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்தபின் வேறு பெயர். ஹலப்பேனியோ என்னும் மிளகாயைப் பழுக்கவிட்டுப் புகையில் உலர்த்தினால் அது சிப்போத்லே ஆகின்றது. பொப்ளானோ காய்ந்தால் அஞ்சோ ஆகின்றது. முந்திரிகை வற்றலின் இனிப்பும் புகையின் கசப்பும் சேர்ந்த சுவை இவற்றில் உண்டு. இலங்கைத் தமிழர் ஒருவர் முதன்முறை மெக்சிக்கக் குழம்பை உண்டால், "இதில் உறைப்புக் காணாது" என்று கூறவும் கூடும். அதுவும் அவசரத் தீர்ப்பே. இரண்டாம் முறை உண்ணும்போது, உறைப்புக்குப் பின்னே மறைந்திருந்த மணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

சூரியன் மறைந்தபின் அந்நகரில் வேறொரு வகை உணவுச்சாலை தோன்றுகின்றது. அதுதான் லொறிக் கடை. 1974ஆம் ஆண்டில் றவுல் மார்ட்டினெஸ் என்பவர், ஐஸ்கிறீம் விற்கும் பழைய வண்டியொன்றைச் சமையலறையாக மாற்றி, கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மதுச்சாலையொன்றின் முன் நிறுத்தி டாக்கோ விற்றார். முதல் இரவு வருமானம் 70 டொலர் என்பர். அச்சிறு தொடக்கமே "கிங் டாக்கோ" என்ற புகழ்பெற்ற நிறுவனமாயிற்று. அவரைப் பின்பற்றி எண்ணற்ற லொறிகள் தெருவுக்கு வந்தன.

லொறியருகே மேசையில்லை, பீங்கானில்லை. உள்ளங்கை அளவான இரு தோர்த்தியாக்கள், அவற்றின் மேல் தணலில் வாட்டிய இறைச்சி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி இலை. பக்கத்தில் தேசிக்காய்த் துண்டும் முள்ளங்கி வில்லையும். பாற்கட்டி மருந்துக்கும் இல்லை. கட்டட வேலையாளரும் மருத்துவமனைத் தாதியரும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் அருகருகே நின்று, கையாலேயே எடுத்து உண்பர். சட்டையிற் சாறு வடியாதிருக்க எல்லோரும் சற்று முன்னே குனிந்து நிற்பர். பழைய உணவுச்சாலையில் "பாரமான உணவு" என்று தீர்ப்புக் கூறியவன், இங்கு வந்தால் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொள்வான்.

சில லொறிகளின் பக்கத்தில், நெருப்பின் முன்னே செங்குத்தான கம்பியிற் கோத்த பன்றி இறைச்சி சுழன்றுகொண்டிருக்கும். உச்சியில் ஓர் அன்னாசிப்பழம் குத்தப்பட்டிருக்கும். சமையற்காரர் கத்தியால் இறைச்சியைச் சீவி, அன்னாசியிலும் ஒரு துண்டைச் சீவி, அப்பத்திலே ஏந்திக் கொடுப்பார். இதன் பெயர் அல் பஸ்தோர். இதனினும் மெக்சிக்கத் தன்மையுடைய பண்டம் வேறில்லை என்று காண்போர் நினைப்பர். ஆனால் இம்முறையை மெக்சிக்கோவுக்குக் கொண்டுவந்தவர்கள் லெபனானிலிருந்து குடியேறியவர்கள். அவர்களின் ஆட்டிறைச்சிச் சமையல், மெக்சிக்க மண்ணிற் பன்றி இறைச்சியும் மிளகாயும் அன்னாசியும் பெற்றுப் புதுவடிவம் கொண்டது.

தென் மெக்சிக்கோவின் சமையல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பரவலாக அறியப்பட்டது கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேதான். மலைகள் நிறைந்த வஹாக்கா மாநிலத்தார் அக்காலத்திற் பெருந்தொகையாக வந்தனர். அவருட் பலருக்குத் தாய்மொழி ஸ்பானிய மொழியன்று. சப்பொத்தெக் போன்ற ஆதிக்குடி மொழிகள். 1994ஆம் ஆண்டில் பெர்னாண்டோ லோபெஸ் என்பவர் கெலகெட்சா என்னும் உணவுச்சாலையைத் தொடங்கினார். கொரிய மக்கள் செறிந்து வாழும் பகுதியில் அது அமைந்துள்ளது. அங்கு பெயர்பெற்றது கரிய மோலே என்னும் குழம்பு. கருக வறுத்த மிளகாய், எள், கொட்டைகள், கறுவா, கராம்பு, சிறிது கொக்கோ முதலிய பல பொருள்களை வறுத்தரைத்து, நெடுநேரம் கிளறிக் காய்ச்சுவர். கொக்கோ சேர்வதைக் கேட்டுத் தித்திப்பை எதிர்பார்ப்பவன் ஏமாறுவான். கசப்பும் இனிப்பும் புகைமணமும் ஒன்றையொன்று விஞ்சாது நிற்கும் குழம்பு அது. கல்யாண வீட்டுக்கும் மரணச் சடங்குக்கும் உரிய உணவென வஹாக்கா மக்கள் அதனைப் போற்றுவர். 2015ஆம் ஆண்டில் இவ்வுணவுச்சாலைக்கு, அமெரிக்காவின் உயர்ந்த சமையற் கௌரவங்களுள் ஒன்றான ஜேம்ஸ் பியட் அறநிறுவனத்தின் விருது கிடைத்தது. மெக்சிக்கச் சமையல் மரபையே மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் 2010ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டிருந்தது.

2008ஆம் ஆண்டில் புதிய விவாதமொன்று எழுந்தது. கொரியாவிற் பிறந்து லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வளர்ந்த றோய் சோய் என்ற சமையற்கலைஞர், கொரிய முறையில் ஊறவைத்து வாட்டிய மாட்டிறைச்சியைத் தோர்த்தியாவில் வைத்து, "கோகி" என்ற லொறியில் விற்றார். மக்கள் நள்ளிரவிலும் வரிசையில் நின்றனர். இது மெக்சிக்க உணவா என்று சிலர் கேட்டனர். லெபனானியர் கம்பியைத் தன்வயமாக்கிக்கொண்ட டாக்கோ, கொரியர் இறைச்சியை ஏற்றுக்கொள்வதில் வியப்பென்ன? அந்நகர் உணவுச்சாலைகளைப் பற்றி எழுதி, உணவு விமர்சகருள் முதன்முதலாக 2007ஆம் ஆண்டில் புலிற்சர் பரிசு பெற்றவர் ஜொனதன் கோல்ட். அவர் 2018ஆம் ஆண்டில் மறைந்தார். சிறு தெருக்கடைகளையும் பெரிய உணவுச்சாலைகளையும் ஒரே மதிப்புடன் அணுகிய அவரது எழுத்து, நகரத்தார் பலரைத் தாம் ஒருபோதும் செல்லாத பகுதிகளுக்கு அழைத்துச் சென்றது.

நேயர்களே! உணவின் பெருமையைப் பேசும்போது அதனைச் சமைக்கும் கையை மறத்தல் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே லொஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் தமாலே வண்டிகள் இருந்தன. தமாலே என்பது சோள மாவினுள் இறைச்சி வைத்து, சோளப் பொத்தியின் தோலில் மடித்து ஆவியில் அவிக்கும் பண்டம். கொழுக்கட்டைக்கு உறவு எனலாம். இரவுப் பணியாளர் அதனை விரும்பி உண்டனர். நகரசபையோ அவ்வண்டிகளை அகற்றும் முயற்சிகளிற் பன்முறை ஈடுபட்டது. இந்த இழுபறி நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. 2008ஆம் ஆண்டில் லொறிக் கடைகள் ஓரிடத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்பதைக் குற்றமாக்கிய மாவட்ட விதியொன்று பிறந்தது; அவ்வாண்டிலேயே நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. நடைபாதையில் உணவு விற்பதோ நெடுங்காலம் தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. வியாபாரிகள் பல ஆண்டுகள் போராடினர். 2017ஆம் ஆண்டில் அது குற்றவியற் பட்டியலிலிருந்து நீங்கியது. 2018ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2019ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்து, அனுமதிப்பத்திரம் பெற்று விற்கும் உரிமையை உறுதி செய்தது.

எனினும் 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மத்திய அரசின் குடிவரவு அதிகாரிகள் நகரெங்கும் சோதனைகள் நடத்தியபோது, அந்த உரிமை எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்தது. வழக்கமாகக் குடைகள் விரிந்திருந்த நடைபாதைகள் வெறுமையாயின. பல உணவுச்சாலைகளிற் சமையற்காரரும் வரவில்லை, வாடிக்கையாளரும் வரவில்லை. அனுமதிப்பத்திரம் வண்டிக்கு உண்டு. வண்டியைத் தள்ளுபவருக்கு நாட்டில் தங்கும் பத்திரம் உண்டா என்ற கேள்வி முன்னே நின்றது. 1931ஆம் ஆண்டுச் சதுக்கத்தை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று.

இந்நகரில் மெக்சிக்க உணவு விருந்தாளியென்றே பலர் கருதுகின்றனர். வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. டொங்வா என்னும் ஆதிக்குடிகள் வாழ்ந்த அந்நிலத்தில், 1781ஆம் ஆண்டில் ஸ்பானிய ஆட்சியின் கீழ் இந்த ஊரை அமைத்தவர்கள் 44 பேர். சொனோரா, சினலோவா முதலிய பகுதிகளிலிருந்து வந்த 11 குடும்பத்தினர். 1821இல் மெக்சிக்கோ விடுதலை பெற்றபோது ஊரும் மெக்சிக்கோவுக்கு உரியதாயிற்று. போரின் முடிவில் 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையினாலேதான் அது அமெரிக்கருக்குச் சென்றது. கொடி மாறியது, ஊரார் அடுப்பு அணையவில்லை. அந்நகரில் தோர்த்தியா சுடும் வழக்கம் அமெரிக்கக் கொடியினும் மூத்தது.

ஆதலின் அங்கு புதிதாகச் செல்வோர், "இது உண்மையான மெக்சிக்க உணவா?" என்று கேட்பதை விட, "சமைத்தவர் எந்த மாநிலத்தவர்? எந்த ஆண்டில் வந்தவர்?" என்று கேட்பது பயன்தரும். சொனோராவின் கோதுமை அப்பம், வஹாக்காவின் கரிய குழம்பு, ஹலிஸ்கோ மாநிலத்தின் பிர்ரியா என்னும் ஆட்டிறைச்சிச் சாறு, பசிபிக் கரையின் மீன் டாக்கோ ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தார் பெயர்ந்து வந்த கதையைத் தன்னுட் கொண்டது. மஞ்சட் பாற்கட்டி வழியும் பழைய பீங்கானுக்கும் அவ்வரிசையில் ஓர் இடம் உண்டு. முதல் கடையில் உண்டதை வைத்துத் தீர்ப்புக் கூறாது, இரண்டாம் கடைக்கும் மூன்றாம் கடைக்கும் நடந்து செல்பவனே அந்நகரை அறிவான். அப்படிச் செல்பவன் சமைத்தவரிடம் அவர் ஊரின் பெயரையும் கேட்டறிந்து வருவானாயின், அவன் உண்ட உணவுக்குரிய மரியாதையையும் செலுத்தியவனாவான்.